மெனு வந்தால் கூப்பிடும்

வேன்காரர் தெருமுனை திரும்பும்போதே ஹாரன் அடிப்பார். இரண்டு குட்டை, ஒரு நெட்டை: பாம், பாம், பாஆஆம். பார்சலுக்காகக் காத்திருப்பவர்கள் மட்டுமல்ல, எந்தப் பார்சலும் வராதவர்களும் எட்டிப் பார்ப்பார்கள். "ஊரைக் கூட்டாம வீட்டுக்கு வரவே தெரியாதா உங்களுக்கு?" என்று மனைவி தினமும் கேட்பாள். அவரும் தினமும் சிரித்துவிட்டுச் செருப்பைக் கழற்றுவார்.

அந்த ஹாரனுக்கு ஒரு காரணம் இருந்தது. அவருடைய ஒரே மகளுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. சின்னக் குழந்தையாக இருந்தபோது, தெருவில் போகிற அத்தனை வண்டிகளில் எது அப்பாவுடையது என்று அவளுக்குத் தெரியவேண்டுமே என்று ஆரம்பித்தது. இப்போது அவள் படித்து முடித்து வேலை தேடுகிற பெண். ஹாரன் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. அவர் அவளை 'பாப்பா' என்று கூப்பிடுவதும்தான்.

மகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதர் லேசில் நிறுத்தமாட்டார். கதவைத் திறந்து பார்சலுக்குக் கையெழுத்துப் போடுகிறவர்கள், சிக்னலில் பக்கத்தில் நிற்கிற லாரி டிரைவர், டயருக்குக் காற்றடிக்கிறவர் என்று யாரும் தப்பமுடியாது. "என் பொண்ணு காது இருக்கே, அதுக்கு ஈடே கிடையாது சார். ஒருத்தர் படிக்கறதைக் கேட்டா, நடுவுல எங்க எச்சில் முழுங்கினார்னு சொல்லிடும்!" என்பார். இது ஒன்றும் கட்டிவிட்ட கதை அல்ல. அவள் கற்றுக்கொண்ட தொழிலே அதுதான், ஒலி எடிட்டிங். பாடங்களையும் புத்தகங்களையும் யாராவது வாசித்துப் பதிவு செய்தால், அதில் இருக்கிற இருமல், மூச்சு, பக்கம் புரட்டுகிற ஓசை எல்லாவற்றையும் கணினியில் வெட்டி எடுத்துச் சுத்தமாக்கிக் கொடுப்பாள்.

கடைத்தெருவில் ஓர் அச்சகத்துக்கு மேலே, குறுகலான படிக்கட்டு ஏறினால் ஓர் ஒலிப்பதிவுக் கூடம். அதன் முதலாளியம்மா கறார் பேர்வழி. முகத்துக்கு நேராகப் பேசுவார், பேசியதை மாற்றமாட்டார். மகள் சுத்தம் செய்து காட்டிய ஒரு பாடத்தைக் கேட்டதுமே, "வேலை பிரமாதம்மா. காலை ஷிஃப்ட் உனக்குத்தான்" என்று சொல்லிவிட்டார். வேன்காரர் அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குள் முதலாளியம்மா விரலை உயர்த்தினார்.

"ஒண்ணே ஒண்ணு. காலையில நீ மட்டும்தான் இருப்பே. மெஷினை நீயே ஆன் பண்ணி நீயே உன் இடத்துக்குப் போகணும். ஒரு பட்டனை அமுக்கிவிடறதுக்கு என்னால இன்னொரு ஆளைப் போட முடியாது."

அதில்தான் சிக்கல். அந்தக் கூடத்தின் கணினி பழையது, ஒன்றுக்குள் இரண்டு குடித்தனம். மதியம் வருகிற டிசைனர் புத்தக அட்டைகள் வரைய விண்டோஸ். காலையில் ஒலிப்பதிவு வேலைக்கு லினக்ஸ். லினக்ஸ் பக்கம் மகளுக்குச் சொந்த வீடு மாதிரி. அங்கே போய்விட்டால் திரையில் இருப்பதையெல்லாம் ஒரு குரல் படித்துச் சொல்லும், அவள் விரல்கள் பறக்கும். ஆனால் போவதற்கு முன்னால் வாசலில் ஒரு மெனு வருகிறது. எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அது கேட்கும். கேட்கும் என்று சொல்வதே தப்பு, அது வாயே திறக்காது. கறுப்புத் திரையில் நாலு வரியைக் காட்டி, ஐந்து வினாடி எண்ணி, யாரும் எதையும் தொடாவிட்டால் தானாக விண்டோஸுக்குப் போய்விடும். அது டிசைனரின் கடவுச்சொல் போட்ட இடம். அவளுக்கு அங்கே பேச்சுத் துணைகூடக் கிடையாது.

"இதை மாத்திக்கலாமா மேடம்?" என்று மகள் கேட்டாள்.

"என்ன வேணும்னாலும் மாத்திக்கோ. ஆனா மத்தியானம் டிசைனர் வந்து ஸ்விட்சைப் போட்டா, எதையும் தொடாம அவரோட பக்கம் திறக்கணும். அவர் ஒரு பட்டனும் அமுக்கமாட்டார். அதுல மட்டும் பெரிய மகாராஜா. சனிக்கிழமை வந்து பார்ப்பேன்."

கணினியை அணைக்காமலே விட்டுவிடலாமே என்று வேன்காரர் ஒரு யோசனை சொன்னார். முதலாளியம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். மின்கசிவுக்குப் பயந்து, வேலை முடிந்து கிளம்பும்போது மெயின் ஸ்விட்சையே அணைத்துவிட்டுப் போகிறவர் அந்த அம்மா.

அந்த வாரம் முழுக்கப் பயிற்சி. காலை பார்சல்களை அவசர அவசரமாகக் கொடுத்துவிட்டு வேன்காரர் மகளைக் கூட்டிக்கொண்டு படியேறிவிடுவார். முதல் நாள் பலமுறை முயன்றும் தோற்றார்கள். ஸ்விட்சைப் போட்டதும் கணினி 'பீப்' என்று ஒரு சத்தம் போடும், மின்விசிறி இரையும், அதற்குப் பிறகு எப்போது மெனு வருகிறது என்று தெரியாது. ஒருமுறை சீக்கிரம், ஒருமுறை மெதுவாக. முந்தி அமுக்கினால் பலனில்லை, பிந்தினால் மகாராஜாவின் அரண்மனை.

மகள் யோசித்தாள். "அஞ்சு செகண்ட்தான் நிக்குது, அதனாலதான் தவறுது. முப்பது செகண்ட் நிக்கச் சொல்லிட்டா? 'பீப்' கேட்டதும் மெதுவா இருபது எண்ணுவேன். அதுக்குள்ள மெனு கண்டிப்பா வந்திருக்கும், போயிருக்காது. ஹோம் விசையை அமுக்கினா முதல் வரிக்குப் போகும், அதுதான் லினக்ஸ். அப்புறம் என்டர். அவ்ளோதான்!"

அப்பாவை ஒருமுறை லினக்ஸ் பக்கம் திறந்துவிடச் சொல்லி, உள்ளே போய், மெனுவின் அமைப்புகள் இருக்கிற கோப்பைத் திறந்தாள். குரல் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல, ஐந்தை அழித்து முப்பது என்று போட்டாள். சேமித்தாள். அணைத்தாள். பிறகு இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஸ்விட்சைப் போட்டார்கள்.

'பீப்.' மகள் எண்ண ஆரம்பித்தாள். மெனு வந்தது. வேன்காரர் திரையைப் பார்த்தார். அடியில் ஓடிய எண் முப்பது அல்ல, ஐந்து. நாலு. மூன்று. மகள் கண்களை மூடியபடி, முகமெல்லாம் நம்பிக்கையாக எண்ணிக்கொண்டிருக்கிறாள். மேசையின் ஓரத்தில் டிசைனரின் குட்டி விசைப்பலகை கிடந்தது, ரப்பர் பொத்தான்கள், அமுக்கினால் சத்தமே வராது. எந்த விசையைத் தொட்டாலும் மெனு எண்ணுவதை நிறுத்திவிட்டு அப்படியே காத்திருக்கும் என்பதை அவர் முதல் நாளே பார்த்திருந்தார். கை தானாக நீண்டது. ஒரே ஒரு தட்டு. எண் நின்றது.

"...பத்தொன்பது, இருபது." ஹோம். என்டர். சற்று நேரத்தில் லினக்ஸின் குரல் வணக்கம் சொன்னது.

மகள் நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "பார்த்தீங்களா! பார்த்தீங்களாப்பா! நானே பண்ணிட்டேன்!"

அந்த நிமிடத்தில் உண்மையைச் சொல்லுகிற மனசு எந்த அப்பனுக்கு வரும்? பழைய மெஷின்தானே, இன்று முரண்டு பிடிக்கிறது, நாளைக்குச் சரியாகிவிடும் என்று அவர் தன்னையே சமாதானம் செய்துகொண்டார். மறுநாளும் ஐந்துதான் ஓடியது. அவரும் தட்டினார். அதற்கு மறுநாளும் தட்டினார். வாரக்கடைசியில் அதிலே ஒரு லாகவமே வந்துவிட்டது. இரைகிற மின்விசிறி, எண்ணுகிற மகள், பூனை மாதிரி நீளுகிற அவர் கை. ஊர் முழுக்க, "கண்ணே தெரியாம கம்ப்யூட்டரையே மாத்தி எழுதிட்டா சார் எம் பொண்ணு" என்று வேறு சொல்லிக்கொண்டு திரிந்தார்.

மனைவிக்கு மட்டும் ஏதோ பொறி தட்டியது. "நீங்க எதுக்கு தினமும் கூடவே உக்காந்திருக்கீங்க? அவதான் பண்றாளே."

"சும்மா, ஒரு தைரியத்துக்கு."

"யாருக்குத் தைரியம், அவளுக்கா உங்களுக்கா?" என்றாள் அவள். அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

சனிக்கிழமை முதலாளியம்மா வந்தார். பாடம் வாசிக்க வந்திருந்த ஆசிரியை ஒருவர் உள்ளறையில் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார். "நீங்க கொஞ்சம் வெளியில இருங்க" என்று முதலாளியம்மா வேன்காரரிடம் சொன்னார். அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இல்ல மேடம், நான் ஒரு ஓரமா..."

"காலையில நீங்க இருக்கப்போறதில்லையே?"

கதவு மூடிக்கொண்டது. வேன்காரர் படிக்கட்டில் நின்றார். உள்ளே 'பீப்' கேட்டது. அவருக்கே தெரியாமல் அவர் விரல் காற்றில் ஒரு தட்டுத் தட்டியது. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. குரல் வரவில்லை. மறுபடி 'பீப்'. மறுபடி அமைதி. மூன்றாவது முறை கேட்டபோது அவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இந்த வேலை கைவிட்டுப் போனால் அதற்குக் காரணம் கணினி அல்ல, தான்தான் என்பது அவருக்குச் சுரீரென்று உறைத்தது.

கதவைத் திறந்துகொண்டு முதலாளியம்மா வந்தார். குரலில் கோபம் இல்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "ஒரு வாரமா சரியா வருதுன்னு சொன்னா. ஒரு தடவைகூட வரலை. நான் உள்ள ரெக்கார்டிங்கை முடிச்சுட்டு வர்றேன். அதுவரைக்கும் டைம். அப்புறம் நான் வேற ஆளைத்தான் பார்க்கணும்."

மகள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. அப்பாவின் காலடியைக் கேட்டதும் முகத்தை அவர் பக்கம் திருப்பினாள்.

"அப்பா. நீங்க ஏதாவது தொட்டீங்களா?"

பொய் சொல்ல இடமே இல்லை. "ஒரே ஒரு தட்டு, பாப்பா. அந்த ரப்பர் பட்டன்ல. எண் அஞ்சுலேர்ந்துதான் ஓடுச்சு. போயிடப் போகுதேன்னு நிறுத்தி வெச்சேன்."

"எல்லா நாளுமா?"

"...எல்லா நாளும்."

"நீங்க எனக்கு உதவி பண்ணலப்பா. நான் பண்ண தப்பை என்கிட்டேர்ந்து ஒளிச்சு வெச்சுட்டீங்க. முதல் நாளே தோத்திருந்தா முதல் நாளே கண்டுபிடிச்சிருப்பேன். ஒரு வாரம் இருந்துதே எனக்கு!"

பேச்சில் யாரையும் மடக்கிவிடுகிற மனிதர், தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அவள் பார்க்கமாட்டாள் என்பதுகூட அவருக்கு அப்போது தோன்றவில்லை.

மகள் ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு மேசைப்பக்கம் திரும்பி, விரல்களை விசைகளின்மேல் வைத்தாள். "சரி. கடைசியா ஒரு தடவை தட்டுங்க. நான் உள்ள போகணும்."

அவர் தட்டினார். அவள் உள்ளே போனாள். கட்டளைகளை எழுதுகிற கறுப்புச் சாளரத்தைத் திறந்து எதையோ தேடினாள். குரல் வேக வேகமாகப் படித்தது, அவருக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அமைப்புக் கோப்பில் முப்பது என்றது. வேறொரு கோப்பைத் திறந்தாள். அதில் ஐந்து என்றது. அவள் நெற்றியில் பட்டென்று அடித்துக்கொண்டாள். அடுத்த நொடி அவள் வாய்விட்டுச் சிரித்ததுதான் அவருக்குப் புரியவில்லை.

"என்ன பாப்பா?"

"குடோன்ல ஒரு பார்சலோட அட்ரஸை மாத்திட்டாங்க. ஆனா உங்க வண்டியில இருக்கற பெட்டிமேல பழைய அட்ரஸ்தான் ஒட்டியிருக்கு. நீங்க எந்த வீட்டுக்குப் போவீங்க?"

"ஒட்டியிருக்கற வீட்டுக்குத்தான். குடோன்ல மாத்தினது எனக்கு எப்படித் தெரியும்?"

"அதேதான். நான் குடோன்ல மட்டும் மாத்தியிருக்கேன். மெஷின் எழுந்திருக்கும்போது படிக்கறது பெட்டிமேல ஒட்டின சீட்டை. மாத்தினதுக்கப்புறம் புதுச் சீட்டை ஒட்டுன்னு ஒரு கட்டளை குடுக்கணும். ஒரே வரி. அதை நான் குடுக்கவே இல்ல."

வேன்காரருக்கு அது அப்படியே மண்டையில் ஏறியது. ஒரு பக்கம் வெட்கமாக இருந்தது, இன்னொரு பக்கம் நெஞ்சு விம்மியது. இவ்வளவு பதற்றத்திலும் எவ்வளவு அழகாக எடுத்துச் சொல்கிறாள்! இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று அந்த நேரத்திலும் அவருக்கு நாக்கு அரித்தது.

அவள் அந்த ஒரு வரியை எழுதப்போனவள், நிறுத்தினாள். தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"அப்பா, ஆன் பண்ணினதும் 'பீப்'னு ஒண்ணு கேக்குதே. அப்படின்னா இதுக்குள்ள ஒரு குட்டி ஸ்பீக்கர் இருக்கு. இதுக்குத் தொண்டை இருக்குப்பா. நான் எதுக்கு உக்காந்து எண்ணணும்? மெனு வந்ததும் அதுவே என்னைக் கூப்பிடட்டுமே."

மறுபடி அமைப்புக் கோப்பைத் திறந்தாள். அதில் மெனு வரும்போது ஒரு ராகம் வாசிக்கச் சொல்லுகிற வரி இருந்தது, யாரும் பயன்படுத்தாமல் தூங்கிக்கொண்டிருந்தது. அதை எழுப்பிச் சில எண்களைப் போட்டாள். என்ன எண்கள் என்று குரல் சொல்லியும் அவருக்கு விளங்கவில்லை. பிறகு முப்பதை அழித்துப் பத்து என்று மாற்றினாள். "அதான் கூப்பிடப்போகுதே. எதுக்கு முப்பது? மகாராஜாவைக் காக்க வெச்சா அவர் கோவிச்சுக்குவார்."

கடைசியாக, புதுச் சீட்டை ஒட்டச் சொல்லுகிற அந்த ஒரு வரி: அப்டேட்-கிரப். கடவுச்சொல்லைப் போட்டாள். குரல் பதில் சொல்லத் தொடங்கியது. லினக்ஸ் கிடைத்தது என்றது. பிறகு கொஞ்சம் தயங்கியது. மகள் மேசை விளிம்பை இறுகப் பிடித்துக்கொண்டாள். புதுச் சீட்டில் டிசைனரின் பக்கம் விடுபட்டுப்போனால் வேலை வந்த வழியே போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். விண்டோஸ் கிடைத்தது என்றது குரல். முடிந்தது என்றது. இந்தத் தடவை ஐந்து இருந்த கோப்பையும் திறந்து, பத்து என்று தன் காதால் கேட்டுவிட்டுத்தான் கணினியை அணைத்தாள்.

உள்ளறைக் கதவு திறந்தது. "என்னாச்சு?" என்றார் முதலாளியம்மா.

"ரெடி மேடம். நீங்க பாருங்க."

யாரும் சொல்லாமலே வேன்காரர் கிளம்பினார். போகும்போது அந்த ரப்பர் விசைப்பலகையின் இணைப்பைக் கணினியிலிருந்து பிடுங்கி முதலாளியம்மாவின் கையில் கொடுத்தார். "இதை டிசைனர் வர்றவரைக்கும் உங்ககிட்டயே வெச்சுக்குங்க மேடம். இது இருந்தா என் கை சும்மா இருக்காது." முதலாளியம்மா ஒன்றும் புரியாமல் வாங்கிக்கொண்டார். மகளின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்தது.

படிக்கட்டில், இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர் நின்றார். கீழே அச்சகத்தின் இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. மேலே 'பீப்' கேட்டது. மின்விசிறி இரைந்தது. அவர் எண்ணவில்லை, எண்ணத் தைரியமில்லை.

பாம், பாம், பாஆஆம்.

யாரோ தன் வண்டியில் ஏறி ஹாரன் அடிக்கிறார்கள்! அவர் திடுக்கிட்டுப் படிக்கட்டு ஜன்னலுக்கு ஓடி எட்டிப் பார்த்தார். வேன் தெருவோரம் பூட்டியபடி, ஆளில்லாமல் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு நாய்கூட இல்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் மெலிசாக, கீச்சுக் குரலில், மேலேயிருந்து வந்தது என்பது அவருக்கு உறைத்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை. தெருமுனையில் அவர் திரும்பும்போது அடிக்கிற அதே ஹாரன்.

தொடர்ந்து லினக்ஸின் குரல் வணக்கம் சொன்னது. வேன்காரர் சுவரில் சாய்ந்துகொண்டார். கண்ணிலிருந்து வழிந்ததை அவர் துடைக்கவில்லை.

முதலாளியம்மா விடவில்லை. மறுபடி அணைத்துப் போடச் சொன்னார், மறுபடி ஹாரன், மறுபடி வணக்கம். மூன்றாவது தடவை, யாரும் எதையும் தொடாமல் நிற்கவேண்டும் என்றார். ஹாரன் அடித்தது, பத்து வினாடி போனது, மகாராஜாவின் பக்கம் சமர்த்தாகத் திறந்தது. "திங்கள்கிழமை நேரத்துக்கு வந்துடு. சாவி ஒண்ணு தர்றேன்" என்று அவர் சொன்னது படிக்கட்டு வரை கேட்டது. பிறகு, "அது என்னம்மா சத்தம், ஏதோ வண்டி ஹாரன் மாதிரி?"

"அப்பா வந்துட்டார்னு அர்த்தம் மேடம்" என்றாள் மகள்.

இறங்கி வரும்போது அவள் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். "கோவம் போயிடுச்சா பாப்பா?" என்று கேட்டார்.

"பாதி போயிடுச்சு. மீதி, நீங்க பாப்பான்னு கூப்பிடறதை நிறுத்தினா போகும். ஆபீஸ் வாசல்ல நின்னுக்கிட்டு பாப்பா பாப்பான்னா என் மானம் என்னாகறது?"

"சரி பாப்பா" என்றார் அவர், பழக்கதோஷத்தில்.

வீட்டில் மனைவி முழுக் கதையையும் கேட்டாள். ரப்பர் பொத்தான் வந்த இடத்தில் கணவரை முறைத்தாள், ஹாரன் வந்த இடத்தில் புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "போச்சு, இனிமே ரெண்டு இடத்துல இந்தச் சத்தத்தைக் கேக்கணும்" என்றாள்.

திங்கட்கிழமை காலை வேன்காரர் மகளை அச்சக வாசலில் இறக்கிவிட்டார். அவள் பையில் சாவி இருந்தது. "நான் கூட வரட்டுமா?" என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. அவர் விழுங்கிக்கொண்டார். அவள் கோலால் முதல் படியைத் தொட்டு, கைப்பிடியைப் பிடித்து, திரும்பிப் பார்க்காமல் ஏறிப்போனாள். மேலே பூட்டு திறந்தது, ஜன்னல் திறந்தது.

பார்சல்கள் காத்திருந்தன. ஆனால் அவர் வண்டியின் என்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார். பின்னால் நின்ற கார்க்காரர் பொறுமை இழந்து, "வண்டியை எடுய்யா!" என்று கத்தினார். வேன்காரர் கையைக் காட்டி, ஒரு நிமிடம் என்றார்.

மேல்ஜன்னலிலிருந்து வந்தது. இரண்டு குட்டை, ஒரு நெட்டை.

அவர் பதிலுக்குத் தன் ஹாரனை அடித்தார், தெருவே அதிர. அச்சகக்காரர் கையில் காகிதக் கட்டோடு வெளியே ஓடிவந்து, "காலங்காத்தால என்னய்யா இது அலப்பறை?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க" என்று வேன்காரர் சாவியைத் திருகி வண்டியைக் கிளப்பினார். "மேல எடிட்டர் வேலையை ஆரம்பிச்சுட்டாங்க."